மஸாஹிம் ஹாஜியாரின் நீலச் சட்டை

பேருவளைச் சீனன்கோட்டையில் மஸாஹிம் ஹாஜியாரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அவருடைய கண்ணைச் சொல்வார்கள், அடுத்ததாகச் சட்டையைச் சொல்வார்கள். கண்ணைச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை இருக்கும். சட்டைக்கு வந்ததும் சிரித்துவிடுவார்கள். இரண்டும் ஒரே கதைதான் என்பது ஊருக்கு இன்றுவரை தெரியாது. ஹாஜியாருக்கே பிந்தித்தான் தெரிந்தது.

பேருவளையில் கல் வியாபாரம் செய்யாதவன் மீன் பிடிக்கிறான், இரண்டும் செய்யாதவன் தரகு செய்கிறான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதன் கண்ணுக்காகப் பேர் வாங்குவது லேசான காரியமில்லை. கல்லுக்குள் வெடிப்பு இருக்கிறதா, நூல் ஓடுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துச் சொல்ல ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். நிறம் சொல்லத்தான் ஆள் இல்லை. நிறத்துக்குக் கண்ணாடி உதவாது, வெறும் கண்தான். ஒரே எடை, ஒரே ஊர் மண், ஒரே மாதிரிப் பட்டை தீட்டிய இரண்டு நீலக்கல்லில் ஒன்று வீடு கட்டித் தரும், மற்றது சைக்கிள் வாங்கித் தரும். நடுவில் இருப்பது ஒரு துளி பச்சையோ சாம்பலோதான். அந்தத் துளியை ஹாஜியார் வடக்குப் பார்த்த ஜன்னலடியில், தன் பழைய கதிரையில் சாய்ந்தபடி, விரலிடுக்கில் கல்லை ஒரு தரம் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவார். காலை வெளிச்சத்தில் மட்டும்தான் நீலம் பார்ப்பார். வெயில் மஞ்சளடித்த பிறகு நீலக்கல்லோடு எவன் வந்தாலும், "போய் நாளைக்கி வா, இப்ப பாக்கிறண்டா மஞ்சப் புஷ்பராகம் கொண்டு வா. கள்ளனெல்லாம் அதத்தான் இந்த நேரத்துல கொண்டு வாற" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அவரிடம் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. கல் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் அது சுற்றி வந்த கடதாசியை மடித்துக் கொடுத்துவிடுவார். குறையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஒருவனுடைய கல்லின் குறையைக் கடைத்தெருவில் உரக்கச் சொல்வது அவன் மகளுக்குக் குறை சொல்வதைப் போன்றது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் அந்தப் பழக்கத்தை அவர் மீறினார். மீறியது விமலசேனவிடம்.

விமலசேன நிவித்திகலைக்காரன். மஸாஹிமுக்கு மீசை அரும்பிய வயதில், வாப்பா கொடுத்த பணத்தை இடுப்புப் பட்டிக்குள் வைத்துக்கொண்டு இரத்தினபுரிப் பக்கம் பஸ் ஏறிப் போன முதல் பயணத்தில் அறிமுகமானவன். அன்றைக்குக் குழியிலிருந்து வாரிய சரளை மண்ணைக் கூடையில் போட்டு ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அரித்துக்கொண்டிருந்தான். கூடையைச் சுழற்றச் சுழற்ற மண் கரைந்து ஓடிவிடும், கனமான கல் நடுவில் தங்கும். கடைசிச் சுற்றில் குழிக்காரர் யாரும் மூச்சு விட மாட்டார்கள். அன்று தங்கியதில் ஒன்றை விமலசேன எடுத்து, உள்ளங்கையில் ஈரத்தோடு நீட்டினான்.

"ஈரத்துல எந்தக் கல்லும் வடிவுதான். தொடச்சிட்டுக் காட்டு" என்றான் மஸாஹிம்.

"தொடச்சா நீ வெல கொறைப்பே."

"தொடைக்காட்டி வெலயே செல்ல மாட்டன்."

"கடக்கரையிலருந்து வந்த ஆளுக்குத் தண்ணியக் கண்டா பயமா?" என்று விமலசேன கேட்க, குழியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மஸாஹிமும் சிரித்துவிட்டான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, அவன் பக்கத்திலேயே நின்று கல்லைத் துடைத்துப் பார்த்தான்.

சங்குப்பூவின் நீலம் அது. கறுப்பும் இல்லை, வெளிறலும் இல்லை. பூவின் நடுவில் ஒரு வெளிச்சம் இருக்குமே, அதுவும் கல்லுக்குள் இருந்தது. அப்புறம் மஸாஹிம் தோளில் கிடந்த லேஞ்சித் துண்டை எடுத்து விமலசேனவின் கைமேல் போட்டு, அதற்கடியில் அவன் விரல்களைப் பிடித்து அழுத்தினான். விலை அப்படித்தான் பேசப்படும். எந்த விரலை எத்தனை தரம் அழுத்தினால் எவ்வளவு என்று விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தெரியும், சுற்றி நிற்பவனுக்குத் துணி மட்டும்தான் தெரியும். விமலசேன விரலை மடக்கினான், மஸாஹிம் நீட்டினான், கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

அந்தக் கல் எந்த நாட்டு மாளிகையில் இருக்கிறதோ தெரியாது. ஆனால் மஸாஹிமின் தலைக்குள் அது அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த நீலத்தைப் பார்த்தாலும் அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் அளப்பார். 'விமலேட சங்குப்பூ' என்றே அந்த நிறத்துக்குப் பெயர் வைத்தார். ஒவ்வொரு மாதமும் நிவித்திகலைக்குப் போனார். போனால் விமலசேனவின் மனைவி கருணாவதி பாற்சோறும் கட்டச் சம்பலும் வைப்பாள். விமலசேன பேருவளைக்கு வந்தால் மஸாஹிமின் மனைவி ஸரீனா பாயில் உட்கார வைத்து வட்டிலப்பம் கொடுப்பாள். மகள் பர்ஹானா பிறந்தபோது, குழியிலிருந்து நிறம் ஏறாத வெள்ளை நீலக்கல் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தொட்டிலில் வைத்தவன் விமலசேன. என்ன காலம் அது! பால் கலங்கிய கல்லையெல்லாம் ஒன்றுக்கும் உதவாது என்று பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள். பிறகு தாய்லாந்துக்காரன் வந்து அதையே மூட்டையாய் வாங்கிப்போய்ச் சூளையில் சுட்டு நீலமாக்கினான் என்று தெரிந்ததும், இரண்டு பேரும் விமலசேன வீட்டு முற்றத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். முற்றத்தில் மழைத்தண்ணீருக்குப் போட்டிருந்த சரளை பாதி அந்தக் கல்தான்.

வயது போகப்போக ஹாஜியாருக்கு ஒரு குறை வந்தது. வரும் நீலமெல்லாம் மங்கலாக இருந்தது. "அந்த நீலம் இப்ப மண்ணுல இல்ல" என்று சொல்லத் தொடங்கினார். "மடகஸ்கர்ல தோண்டுற, சூளைல சுடுற, நிறம் எங்கருந்து வரும்? விமலேட சங்குப்பூ மாதிரி ஒண்டு பாத்து எத்தின காலம்!" என்பார். கடைத்தெருவில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். பழையதைப் பற்றி ஒரு மனிதன் பெருமூச்சு விட்டால் எதிர்த்துப் பேச யாருக்கு மனம் வரும்? இளம் பொடியன்கள்கூட, தாங்கள் பார்த்தேயிராத அந்த நீலத்துக்காகத் தலையை ஆட்டினார்கள். அவரிடம் கல் காட்ட வருகிறவர்கள் குறைந்தார்கள். ஹாஜியாருக்குக் கை இறுகிவிட்டது, வாங்க மனமில்லாமல் மடித்துக் கொடுக்கிறார் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

சட்டைக் கதை தொடங்கியது அந்தக் காலத்தில்தான். அவர் எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். ஒருநாள் ஸரீனாவைக் கூப்பிட்டு, "சட்டையெல்லாம் மஞ்சப் பூத்துப் போய் ஈக்கி. தோய்க்கக்குள்ள நீலம் போடல்லியா?" என்றார்.

"போட்டுத்தான் தோச்சீக்கி. வெள்ள வெளேரெண்டு தானே ஈக்கி?"

"எனக்கா நிறம் செல்லித் தாற?"

ஊருக்கே நிறம் சொல்லும் மனிதன். அடுத்த தரம் ஸரீனா நீலம் கொஞ்சம் கூடப் போட்டாள். அதுவும் மஞ்சள் என்றார். இன்னும் போட்டாள். இப்படியே போய், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஹாஜியார் வானத்து நிறத்தில் ஒரு சட்டையோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். "ஹாஜியார் நீலக்கல்லுக்குப் பொறகு நீலச் சட்ட யாவாரமும் தொடங்கிட்டாரு" என்று பின்வரிசையில் எவனோ சொல்ல, தொழுகை முடிந்தும் அந்தச் சிரிப்பு முடியவில்லை. அவர் காதில் மட்டும் யாரும் போடவில்லை. மற்றவர்களுக்கு அது சிரிப்பு, அவருக்கு அது சுத்தமான வெள்ளை.

இரத்தினபுரிப் பக்கம் பெருவெள்ளம் வந்த வருடம் விமலசேனவின் வீட்டுப் பின்சுவர் தண்ணீரோடு போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு கிணற்றடியைத் துப்புரவு செய்யும்போது, தன் சொந்த நிலத்தில், பங்காளி எவனும் இல்லாமல், அவனுக்கு ஒரு கல் கிடைத்தது. சமன் தெய்வத்துக்கு விளக்கேற்றிவிட்டு, பட்டை தீட்டி எடுத்துக்கொண்டு நேரே பேருவளைக்கு வந்தான். வேறு எங்கே போவான்? கருணாவதிக்குச் சுவர் எழுப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுடைய கணக்கு.

நல்ல காலை வெளிச்சம். ஹாஜியார் கடதாசியைப் பிரித்தார். விமலசேன அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடைத் தண்ணீரில் பார்த்த அந்த முகம் திரும்ப வரும் என்று இருந்தான். முகத்தில் ஒன்றும் வரவில்லை. லேஞ்சிக்கடியில் ஹாஜியார் சொன்ன விலையில் ஒரு கதவு வாங்கலாம், சுவர் கட்ட முடியாது.

"மச்சான், வாசல்ல வச்சு ஒருக்கா பாரு" என்றான் விமலசேன.

வாசலுக்குப் போனார்கள். தெருவில் தரகர் கூட்டம். ஹாஜியார் திரும்பவும் பார்த்துவிட்டு, "பச்ச ஓடுது" என்று மெல்லச் சொன்னார்.

விமலசேன கல்லைப் பார்த்தான், ஹாஜியாரைப் பார்த்தான், அவருடைய சட்டையைப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில், "மச்சான், ஒன்ட கண்ண ஒரு டொக்டருக்குக் காட்டு" என்றான்.

அவ்வளவுதான், ஹாஜியாருக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ! "என்ட கண்ணுக்கா கொற செல்ற? கல்லுல பச்ச ஓடுது விமலே, பச்ச! அத மறைக்க என்ட கண்ணுல பழி போடுறியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். தரகர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு விட்டாரா? கடதாசியை மடித்து, சுற்றிலும் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்து வைத்து அவன் கையில் திணித்தார். "இந்தா, என்ட வெல இதுதான். இதுக்கு மேல எவன் சரி தந்தா நான் என்ட பேர மாத்திக்கிற!"

ஒரு வியாபாரி விலை சொல்லி சீல் வைத்த கல்லை, அந்த சீலை உடைக்காமல் இன்னொருவனுக்குக் காட்ட முடியாது. உடைத்தால் விலை பிடிக்கவில்லை என்று அர்த்தம், அதோடு பேச்சு முடிந்தது. விமலசேன பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், ஸரீனாவிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஹாஜியாரும் போகவில்லை. ஆனால் பாற்சோறு என்று யாராவது சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். "பழைய சிநேகமும் பழைய நீலமும் ஒண்டாப் போச்சு" என்று ஸரீனாவிடம் சொன்னார். தன்மேல் பிழை இருக்கலாம் என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை. அந்தக் கல்லை எவனோ ஏமாளிக்கு விற்றிருப்பான் என்றுதான் நினைத்தார்.

வருடங்கள் போயின. ஓதும்போது குர்ஆன் வரிகள் கலைந்து தெரிந்தன, படியில் இரண்டொரு தரம் தடுக்கி விழுந்தார். கடைசியில் பர்ஹானா பிடிவாதமாகக் கொழும்புக்கு இழுத்துப் போனாள். ஒரு கண்ணில் மட்டும் முதலில் கண்புரைச் சத்திரசிகிச்சை. மறுநாள் காலை கட்டை அவிழ்த்தார்கள்.

அவர் முதலில் பார்த்தது கட்டில் கம்பியில் தொங்கிய சட்டையை.

"இது யார்ட சட்ட?"

"ஒங்கடதான் வாப்பா."

"என்ட சட்ட வெள்ள. இது நீலமா ஈக்கி."

பர்ஹானா சிரித்தாள். "எத்தினையோ வருஷமா நீலந்தான் வாப்பா. ஊரே செல்லிச் செல்லிச் சிரிக்கிற. ஒங்களுக்கு விருப்பமெண்டு நாங்க நெனச்சீக்கி."

ஹாஜியார் புதுக் கண்ணை மூடிப் பழைய கண்ணால் பார்த்தார். வெள்ளைச் சட்டை. பழைய கண்ணை மூடிப் புதுக் கண்ணால் பார்த்தார். நீலச் சட்டை. ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். ஒரு கண்ணுக்குச் சாயத் தேத்தண்ணி ஊற்றிய வானம், மற்றக் கண்ணுக்கு இளமையில் பார்த்த அதே வானம். நீலம் மண்ணை விட்டு எங்கும் போகவில்லை. பர்ஹானா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வடிவதைப் பார்த்து, மருந்து எரிகிறதாக்கும் என்று துடைத்துவிட்டாள்.

"விமலேட கல்லு" என்றார் ஹாஜியார்.

தூசி படக்கூடாது, குனியக்கூடாது என்று டொக்டர் சொன்ன காலம் முடிந்ததும் நிவித்திகலைக்குப் புறப்பட்டார். போட்டுக்கொண்டது நீலச் சட்டையைத்தான், வேறு சட்டை இருந்தால்தானே. விமலசேன வீட்டு வளைவில் இறங்கி நடந்தவர், பின்பக்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளம் கொண்டுபோன சுவருக்குப் பதிலாகத் தகரம் அடித்திருந்தது. தகரமும் துருப்பிடித்துப் பழசாகியிருந்தது.

கருணாவதிதான் முதலில் கண்டாள். "ஆ, வழி தெரிஞ்சிருச்சா?" என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

விமலசேன வாசலுக்கு வந்தான். நன்றாக மெலிந்திருந்தான். ஹாஜியாரின் சட்டையைப் பார்த்தான், பிறகு கண்ணைப் பார்த்தான். "வெட்டிட்டியா?" என்றான்.

"ஒரு கண்ண வெட்டியாச்சு. விமலே, அந்தக் கல்ல யாருக்குக் குடுத்த? எவ்வளவுக்குப் போச்சு? செல்லு, மிச்சத்த நான் தாறன்."

விமலசேன உள்ளே போய், புத்தர் படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தான். கடதாசி பழுத்துப்போயிருந்தது. டேப் அப்படியே இருந்தது. டேப்பின் மேல் ஹாஜியாரின் கையெழுத்து, கோபத்தில் இழுத்த கோட்டோடு, உடையாமல் இருந்தது.

"நீ தொறக்கல்லியா?" என்றார் ஹாஜியார்.

"தொறந்தா இன்னொருத்தனுக்குக் காட்டணும். காட்டினா அவன் நல்ல நீலம்னு சொல்லுவான். பச்சைனு நீ கத்தினத ஊரே கேட்டுச்சு. மஸாஹிம்ட கண்ணு போச்சுன்னு அன்னைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். பொறகு ஒனக்கு அங்க யாரு கல் காட்டுவான்?" விமலசேன உட்கார்ந்தான். "ஒன்ட சட்டையப் பாத்த ஒடனேயே எனக்கு வெளங்கிச்சு. வெளங்கின ஆளு எப்படி மச்சான் சீல ஒடைக்கிற?"

"அப்படிச் சொல்லாத, கோவமும் இருந்துச்சு" என்று கருணாவதி அடுப்படியிலிருந்து சொன்னாள். "அவனே வந்து தொறக்கட்டும்னு பிடிவாதம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. நடுவுல மழைக்கு நனைஞ்சது நான்."

"கோவமும்தான்" என்றான் விமலசேன.

ஹாஜியார் முற்றத்து வெளிச்சத்துக்கு வந்தார். டேப்பை உரித்தார். கல்லை எடுத்து விரலிடுக்கில் வைத்துத் திருப்பினார். ஓடைத் தண்ணீரில் நின்று பார்த்த சங்குப்பூ, நடுவில் அதே வெளிச்சத்தோடு இருந்தது. அவர் விக்கி விக்கி அழுதார். மறைக்கவும் இல்லை.

"பச்ச ஓடுதா?" என்று விமலசேன கேட்டான்.

"ஓடுறது என்ட மானம்" என்றார் ஹாஜியார். தோளிலிருந்த லேஞ்சியை எடுத்து அவன் கைமேல் போட்டு, அடியில் விரல்களைப் பிடித்து அழுத்தினார். அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார்.

விமலசேன கையை இழுத்தான். "கூடச் சொல்ற மச்சான்."

"இல்ல. இப்பதான் சரியாப் பாக்கிற."

"ரெண்டு கிழடும் கையப் புடிச்சிட்டு இருந்தா எனக்கு என்ன தெரியும்? வெலைய நான் கேக்கல்ல. செவரு எழும்புமா இல்லியா?" என்றாள் கருணாவதி.

"எழும்பும் தங்கச்சி" என்று ஹாஜியார் அந்த ஒன்றை மட்டும் உரக்கச் சொன்னார். பிறகு விமலசேனவிடம் திரும்பி, "நாளைக்கே கடத்தெருவுல நிண்டு செல்லப் போறன். பிழ என்ட கண்ணுல, கல்லுல இல்லண்டு" என்றார்.

விமலசேனவுக்கு அப்போதுதான் உண்மையில் கோபம் வந்தது. "வாயத் தொறந்தியோ, பாரு! இத்தனை மழைக்கும் நான் தகரத்துக்குப் பின்னால படுத்தது வீணாப் போயிடும்."

ஹாஜியார் சரி என்று தலையாட்டினார். அன்று கருணாவதி பாற்சோறு வைத்தாள். சம்பலில் மிளகாயை வேண்டுமென்றே அள்ளிப் போட்டிருந்தாள். ஹாஜியார் கண்ணில் தண்ணீர் வடிய வடிய ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றார்.

அடுத்த கண்ணும் சரியான பிறகு, ஸரீனா சட்டைகளையெல்லாம் வாளியில் குவித்து, நீலம் போக வெளுப்பு மருந்தில் ஊறவைக்கப் போனாள். "இனி ஊர் சிரிக்கத் தேவல்ல, புது வெள்ளச் சட்டயா ஆக்கித் தாறன்" என்றாள்.

"வேணாம்" என்றார் ஹாஜியார்.

"என்ன வேணாம்? நீலமெண்டு இப்ப ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். இப்ப வெள்ளயப் போட்டா என்ட கண்ணு போயிருந்தது ஊருக்கு வெளங்கிரும். சிரிக்கட்டும், பரவால்ல." அவர் ஜன்னலடிக் கதிரையில் சாய்ந்துகொண்டார். "நீ நீலத்தக் கொஞ்சம் கூடவே போடு."